மலையின் வாயிலும் வழித்துணையும்

உயர்ந்த மலைகளைப் பற்றிய வரலாறுகளில் உச்சியை அடைந்தோரின் பெயர்களே பெரிதும் பேசப்படுகின்றன. அவர்கள் மலையடிவாரத்தை அடையுமுன் எத்தனை வாயில்களிலே காத்து நின்றனர், எவருடைய முத்திரைக்காக எத்தனை ஆண்டுகள் பொறுத்திருந்தனர், எவருடைய முதுகிலே தம் உணவையும் கூடாரத்தையும் ஏற்றி அனுப்பினர் என்பன நூல்களின் ஓரத்தில் ஒதுங்கிவிடுகின்றன. ஆயினும், மலையேற்றம் என்னும் முயற்சி இவ்விரண்டின்மேலேயே நிற்கின்றது. ஒன்று, மலை நிற்கும் நாட்டின் அனுமதி. மற்றொன்று, மலையை அறிந்த மக்களின் வழித்துணை. முன்னது ஒரு நாட்டின் உரிமையோடும், பின்னது மனித உயிரோடும் தொடர்புடையன. உலகின் மிக உயர்ந்த சிகரமாகிய எவரெஸ்றின் கதையை இவ்விரு கண்களாலும் நோக்குவோர்க்கு, வீரச்செயல்களின் வரிசையாக மட்டும் தோன்றிய அது வேறொரு பொருளையும் உணர்த்தும்.

வழிகாட்டுதல் ஒரு தொழிலாக உருப்பெற்றது முதன்முதலில் ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலையிலாகும். ஜெனீவா நகரத்து அறிஞரான டி சோசூர் என்பவர், மோன் பிளாங் சிகரத்துக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக 1760 ஆம் ஆண்டில் அறிவித்தார். இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1786 ஓகஸ்ட் 8 ஆம் நாள், சாமோனி என்னும் சிற்றூரைச் சேர்ந்த இருவர் அவ்வுச்சியை அடைந்தனர். ஒருவர் ஊர் வைத்தியரான பக்கார். மற்றவர் மலைகளிலே பளிங்குக் கற்களைத் தேடி விற்றுவந்த பல்மா. அடுத்த ஆண்டில் சோசூர் தாமும் ஏறினார்; அவருடன் சென்ற வழிகாட்டிகள் பதினெண்மர். அதன்பின் செல்வர் பலர் அம்மலையை நாடி வந்தனர். மலைநாட்டு உழவர்க்கு வழிகாட்டுதல் ஒரு வருவாயாயிற்று.

1820 ஆம் ஆண்டில், ஹாமெல் என்னும் ஓர் அறிஞரின் குழுவோடு சென்ற வழிகாட்டிகள் மூவர் பனிச்சரிவில் அகப்பட்டுப் பனிப்பிளவுக்குள் விழுந்து மாண்டனர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1861 இல், அவர்களுடைய எச்சங்களைப் பனியாறு பள்ளத்தாக்கிலே கொண்டுவந்து சேர்த்தது. விபத்து நிகழ்ந்த மறு ஆண்டிலேயே, அதாவது 1821 இல், சாமோனியின் வழிகாட்டிகள் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். வேலையை முறைவைத்துப் பகிர்தல், உயிரிழந்தோர் குடும்பத்துக்கு உதவும் பொருட்டு ஒரு நிதி சேர்த்தல் ஆகியன அதன் நோக்கங்கள். ஊருக்கு வந்த விருந்தினரின் விருப்பத்துக்காக ஊரார் உயிர் கொடுத்தால் அவர்தம் மனைவி மக்களை யார் காப்பது என்னும் வினாவுக்கு, அச்சிற்றூரார் தாமே ஒரு விடை தேடிக்கொண்டனர். இதே வினா பின்னர் இமயத்திலும் எழுந்தது. ஆனால் அங்கு விடை கிடைக்க நெடுங்காலம் சென்றது.

இமயத்தின் நிலை வேறு. அங்கே மலையைக் காண்பதற்கே வாயில் திறக்கவில்லை. சென்னைக்கு அருகே பரங்கிமலைப் பகுதியில் 1802 ஆம் ஆண்டில் லாம்ப்டன் என்பவர் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவைப் பணி, படிப்படியாக வடக்கே நகர்ந்து, நடு நூற்றாண்டளவில் இமயத்தின் அடியை எட்டியது. ஆனால் நேபாளம் அளவையாளரைத் தன் எல்லைக்குள் விட மறுத்தது. நில அளவைக்குப் பின்னே படை வரும் என்பதை அந்நாட்டார் அறியாதவரல்லர். எனவே அளவையாளர், காய்ச்சல் மிகுந்த தராய் நிலத்திலே நிலையங்கள் அமைத்து, நூறு மைலுக்கும் அப்பாலிருந்து சிகரங்களைக் கருவியால் நோக்கிக் குறித்துக்கொண்டனர். அக்கணிப்புகளில் வங்காளத்தவரான இராதாநாத் சிக்தாரின் பங்கு பெரிதாகும். பதினைந்தாம் சிகரம் எனக் குறிக்கப்பட்டிருந்த மலை 29,002 அடி உயரமுடையது என்று 1856 இல் அறிவிக்கப்பட்டது. 2020 இல் நேபாளமும் சீனாவும் இணைந்து வெளியிட்ட அளவு 8,848.86 மீற்றர். தொலைவில் நின்று அளந்தோரின் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பதை இது காட்டும்.

மலையின் பெயரும் பூட்டிய வாயிலின் விளைவே. உள்நாட்டு மக்கள் அதனை எவ்வாறு அழைக்கின்றனர் என்று உறுதியாக அறிய இயலவில்லை என்று கூறி, நில அளவையதிபராயிருந்த வோ என்பவர், தமக்கு முன் அப்பதவியை வகித்த எவரெஸ்றின் பெயரை அதற்குச் சூட்டப் பரிந்துரைத்தார். திபெத்தியர் அதனைச் சோமோலுங்மா என வழங்கிவந்தனர். கேட்டறியச் சென்றிருந்தால் பெயர் கிடைத்திருக்கும். செல்வதற்கு அனுமதி கிடைக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேபாளமும் திபெத்தும் ஆகிய இரு நாடுகளும் பிறநாட்டார்க்கு மூடியே இருந்தன. 1904 இல் யங்ஹஸ்பண்ட் என்பவர் படையோடு லாசா நகருக்குள் புகுந்தார். வாயிலை உடைத்த செயல் அது. ஆனால் அதனால் மலைக்கு வழி திறக்கவில்லை. வழி திறந்தது வேறொரு முறையால். 1910 இல் சீனப் படை லாசாவை நெருங்கியபோது பதின்மூன்றாம் தலாய் லாமா இந்தியாவுக்குத் தப்பிவந்து டார்ஜிலிங்கில் தங்கினார். சிக்கிம் நாட்டில் பிரித்தானிய அரசியல் உத்தியோகத்தராயிருந்த சேர் சார்ள்ஸ் பெல் அவருக்குத் துணையாயிருந்தார். திபெத்திய மொழியை நன்கு கற்றிருந்த பெல்லுக்கும் லாமாவுக்கும் இடையே அங்கு ஒரு நட்பு வளர்ந்தது. பத்தாண்டுகளுக்குப் பின், 1920 நவம்பரில் பெல் லாசாவுக்குச் சென்றபோது, எவரெஸ்றுக்கு ஒரு குழு செல்ல இசைவு வேண்டினார். அதே யங்ஹஸ்பண்ட் அப்பொழுது இலண்டன் புவியியற் கழகத்தின் தலைவர். படையினால் ஆகாத காரியம் ஒரு நண்பரின் சொல்லினால் ஆயிற்று. அரசியற் கணக்கும் இதனுள் இல்லாமலில்லை. சீனாவை அஞ்சிய திபெத்து, அக்காலத்தில் பிரித்தானியரிடமிருந்து படைக்கலங்களை எதிர்பார்த்திருந்தது.

தலாய் லாமா பெல்லிடம் கொடுத்த சிறு குறிப்பு இன்றும் எண்ணத்தக்கது. மலை ஓங்கி நிற்கும் அப்பகுதியை அது பறவைகள் பேணப்படும் தென்னாடு என்று குறிப்பிட்டது. உலகின் மிக உயர்ந்த இடம் என்பது அளவையாளர் கண்ட சிறப்பு. பறவைகளுக்குத் தீங்கு நேராத இடம் என்பது அந்நாட்டார் கண்ட சிறப்பு. பின்னர் எழுதப்பட்ட அனுமதிப் பத்திரம், வழியிலுள்ள கோட்டை அதிகாரிகளுக்கும் ஊர்த்தலைவர்களுக்கும் அனுப்பப்பட்ட ஆணையாக அமைந்தது. குழுவினருக்குப் பொதிவிலங்குகளும் தங்குமிடமும் அளிக்குமாறு அது பணித்தது. மலையடிவாரத்து உழவன் தன் காளையை எவருக்கு வாடகைக்கு விடலாம் என்பதுவரை லாசாவின் முத்திரை சென்று பேசிற்று.

1921 இல் முதற் குழு புறப்பட்டது. அது ஆராய்ச்சிப் பயணம். அதனையொட்டி இரு மனக்குறைகள் லாசாவை எட்டின. குழுவிலிருந்த நிலவியல் அறிஞர் கற்களைப் பெயர்த்துச் சோதித்தமை, நிலத்தின் காவல் தெய்வங்களைக் குலைக்கும் செயலென்று ஊரார் கருதினர். விலங்குகளைச் சுட்டமையும் அவர்களை வருத்தியது. ஆகவே 1922 ஆம் ஆண்டுக் குழுவில் நிலவியலார் சேர்க்கப்படவில்லை, வேட்டையும் தடுக்கப்பட்டது. றொங்புக் மடத்துத் தலைமை லாமாவும் தம் பள்ளத்தாக்கிலே எவ்வுயிரையும் கொல்லலாகாதெனக் குழுத்தலைவர் ஜெனரல் புரூசிடம் கேட்டுக்கொண்டார். அனுமதி என்பது வாயிலைத் திறந்துவிடும் சீட்டு மட்டுமன்று, உள்ளே நடந்துகொள்ள வேண்டிய முறையையும் கூறும் உடன்படிக்கை என்பது இவ்வாறு முதலில் உணர்த்தப்பட்டது.

அந்த 1922 ஆம் ஆண்டிலேயே வழித்துணையின் விலையும் தெரியவந்தது. யூன் 7 ஆம் நாள், வடகணவாய்க்குக் கீழே புதுப்பனி படிந்த சரிவில் மலோரி, சொமர்வெல், குறோபர்ட் ஆகிய மூவரும் சுமையாளர் பலரும் கயிறுகளில் இணைந்து ஏறிக்கொண்டிருந்தபோது, சரிவு பெயர்ந்தது. சுமையாளர் எழுவர் மாண்டனர். வெள்ளையர் ஒருவருக்கும் உயிரிழப்பு இல்லை. தம்மில் ஒருவராவது அவர்களோடு மாண்டிருந்தால், இழப்பில் தாமும் பங்குகொண்டோம் என்று எஞ்சியோர்க்குக் காட்டியிருக்கலாமே எனச் சொமர்வெல் பின்னர் மனம் நொந்து எழுதினார். சத்திர வைத்தியரான அவர், அப்பயணத்தின் முடிவில் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில், தென்திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர் மருத்துவமனையைக் கண்டார். அங்குக் குவிந்திருந்த நோயாளரைக் கண்டபின் இலண்டனில் காத்திருந்த வாழ்வை விட்டு நெய்யூரிலேயே பல்லாண்டு பணிபுரிந்தார். தமிழ்நாட்டு ஏழையரின் வைத்தியராக விளங்கிய அவர், 1924 இல் மீண்டும் எவரெஸ்றில் 28,000 அடி வரை ஏறியவர் என்பதை அவரிடம் சிகிச்சை பெற்றோரிற் பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.

1924 ஆம் ஆண்டில் மலோரியும் இர்வினும் உச்சியை நோக்கிச் சென்று திரும்பாதொழிந்தனர். அத்துயரத்தின் புகழிடையே நிகழ்ந்த மற்றொரு செயல், மலையின் வாயிலை மீண்டும் அடைத்துவிட்டது. குழுவின் படப்பிடிப்பாளரான நோயல் என்பவர் தாம் எடுத்த சலனப்படத்தைக் காட்டும்போது மேடையிலே ஆடவும் வாத்தியம் இசைக்கவும் திபெத்தின் கியாங்சே நகரத்து லாமாக்கள் சிலரை இலண்டனுக்கு அழைத்துச் சென்றார். மடத்தின் புனிதச் சடங்கு கொட்டகை வேடிக்கையாயிற்று. படத்திலோ, குழந்தையின் தலையில் பேன் எடுத்து உண்பதாக ஒரு காட்சி இருந்தது. திபெத்தியரை இழிவுபடுத்துவதாக அதனை லாசா கருதியது. மடங்களின் சினமும், லாசாவின் உள்நாட்டு அரசியலும் ஒன்றுசேர்ந்தன. அதன்பின் 1933 வரை எக்குழுவுக்கும் எவரெஸ்ற் திறக்கவில்லை. ஒரு நாட்டாரின் மதிப்பைக் காவாமையால் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. பனியாலும் காற்றாலும் நேர்ந்த தடையினும் இது நீண்ட தடையாகும்.

1933 இல் இரு விமானங்கள் எவரெஸ்றின் மேலே பறந்து செல்ல நேபாள மகாராசா இசைந்தார். நிலத்தில் கால் வைக்க மட்டும் எவரையும் விடவில்லை. அடுத்த ஆண்டில் மோரிஸ் வில்சன் என்னும் ஆங்கிலேயர் எந்த அனுமதியும் இன்றித் தனியே எவரெஸ்றில் ஏறத் துணிந்தார். இங்கிலாந்திலிருந்து சிறு விமானத்தை ஓட்டி வந்த அவருக்கு நேபாளத்தின் மேலே பறக்கவும், திபெத்துக்குள் நடந்து செல்லவும் அனுமதி மறுக்கப்பட்டது. அவர் திபெத்தியத் துறவிபோல் வேடம் பூண்டு, டார்ஜிலிங்கிலிருந்து மூன்று செர்ப்பாக்களுடன் இரவில் நடந்து மலையை அடைந்தார். மேலே செல்லவேண்டாமென வழித்துணைவர் தடுத்தும் கேளாது தனியே ஏறி இறந்தார். மறு ஆண்டில் வந்த ஷிப்டன் குழுவினரே அவருடைய உடலைக் கண்டு அடக்கம் செய்தனர். ஆட்சியாளரின் சொல்லையும் துணைவரின் சொல்லையும் ஒருங்கே தள்ளியவரின் முடிவு இது.

இங்குச் செர்ப்பா மக்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். கிழக்கத்தியர் என்பது அப்பெயரின் பொருள். பல நூற்றாண்டுகளுக்கு முன் திபெத்தின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்து, நேபாளத்தின் சோலு, கும்பு பகுதிகளில் அவர்கள் குடியேறினர். உருளைக்கிழங்கு பயிரிடுதலும், யாக் மேய்த்தலும், கணவாய் கடந்து உப்பும் தானியமும் மாற்றுதலும் அவர்கள் தொழில்கள். தொழில் தேடிப் பலர் டார்ஜிலிங்குக்குச் சென்றனர். சிகரங்களில் ஏறும் வழக்கம் அவர்களிடம் இருந்ததில்லை. அவை தெய்வங்களின் இருப்பிடங்கள். உயர்ந்த இடங்களிலே அவர்களுடைய உடல்வன்மையையும் நல்லியல்பையும் முதலில் நன்குணர்ந்து உலகுக்கு உரைத்தவர் அலெக்சாந்தர் கெல்லாஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர். அவர் ஐரோப்பியத் துணையின்றிச் செர்ப்பாக்களை மட்டும் உடன்கொண்டு பல சிகரங்களில் ஏறினார். 1921 ஆம் ஆண்டுக் குழுவில் சேர்ந்து சென்றபோது கம்பா சோங் என்னும் இடத்தருகே நோயால் மறைந்தார்.

1928 இல் தோன்றிய இமயமலைக் கழகம் டார்ஜிலிங்கிலே செர்ப்பாக்களின் பெயர்ப்பதிவு ஒன்றைப் பேணியது. ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு புத்தகம் உண்டு. அதிலே ஒவ்வொரு குழுத்தலைவரும் அவருடைய பணியைக் குறித்து எழுதுவர். பிற நாட்டிலிருந்து வருவோர் அக்கழகத்துக்கு எழுதித் தமக்கேற்ற ஆட்களைப் பெற்றனர். மிக உயர்ந்த முகாம்கள்வரை சுமை கொண்டு சென்றோர்க்குப் புலி என்னும் பட்டமும் பதக்கமும் பின்னாளில் வழங்கப்பட்டன. பட்டம் சிறந்தது, ஆனால் அதற்குரிய இடர் மிகப் பெரிது. 1934 இல் நங்க பர்பத் மலையில் ஜெர்மானியர் மூவரோடு செர்ப்பாக்கள் அறுவர் புயலில் மாண்டனர். அவர்களுள் கயிலே என்பவர், இறங்கித் தப்பும் வாய்ப்பிருந்தும் சோர்ந்து கிடந்த தலைவரைக் கைவிடாது அவரருகிலேயே இருந்து உயிர் துறந்தார். 1937 இல் அதே மலையில் ஒரே இரவில் பனிச்சரிவு பதினாறு பேரைப் புதைத்தது. அவருள் ஒன்பதின்மர் செர்ப்பாக்கள். 1939 இல் கே-2 மலையில், மேலே தனித்துவிடப்பட்ட அமெரிக்கர் ஒருவரை மீட்க மீண்டும் ஏறிய செர்ப்பாக்கள் மூவர் திரும்பவேயில்லை. சம்பளம் பெற்று வந்தோர் சம்பளத்தால் அளக்கவொண்ணாத கடமையைச் செய்தனர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வாயில்கள் இடம் மாறின. 1950 இல் சீனப்படை திபெத்துக்குள் புகுந்ததோடு வடக்கு வழி அடைபட்டது. அதே காலத்தில் தெற்கே நேபாளம் மெல்லத் திறந்தது. இந்தியாவிலிருந்து பிரித்தானியர் நீங்கிவிட்டனர். நேபாளத்திலே நூறாண்டு கடந்த ராணாக்களின் ஆட்சி ஆட்டங்கண்டு 1951 இல் வீழ்ந்தது. 1950 யூன் 3 ஆம் நாள் பிரெஞ்சுக் குழுவினர் அன்னபூர்ணாவின் உச்சியை அடைந்தனர். எண்ணாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட மலையொன்றின் உச்சியை மனிதர் அடைந்தது அதுவே முதன்முறை. உச்சிக்குத் தம்முடன் வருமாறு குழுத்தலைவர் ஹெர்சொக், செர்ப்பாக்களின் தலைவரான ஆங் தர்கேயை அழைத்தார். கால்கள் உறையத் தொடங்கியமையால் அவர் மறுத்துவிட்டார். உச்சியை அடைந்த இருவரும் உறைபனியால் கால்விரல்களை இழந்தனர். அழைப்பு ஒரு மாற்றத்தைக் காட்டியது. மறுப்போ தொழிலறிந்தவனின் அறிவைக் காட்டியது.

நேபாளம் எவரெஸ்றுக்கு ஆண்டுதோறும் ஒரு நாட்டுக்கே இடமளித்தது. 1951 இல் ஷிப்டன் தலைமையில் பிரித்தானியர் தெற்கு வழியை ஆராய்ந்தனர். 1952 ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்துக்கு, 1953 பிரித்தானியருக்கு, 1954 பிரான்சுக்கு. முப்பதாண்டுக் காலம் எவரெஸ்றைத் தமக்கே உரியதெனக் கருதியிருந்த பிரித்தானியர், இப்பொழுது பிறரோடு வரிசையில் நிற்கலாயினர். 1953 இல் தவறினால் தம் முறை மீண்டும் வரும்வரை மலை பிறருக்குரியதாகும் என்னும் அச்சமே அவ்வாண்டு முயற்சியை விரைவுபடுத்தியது. அனுமதிப் பத்திரத்திலிருந்த ஓர் ஆண்டெண், மலையேற்றத்தின் போக்கையே ஆண்டது எனலாம்.

சுவிற்சர்லாந்துக் குழு 1952 இல் தென்சிங் நோர்கேயைச் செர்ப்பாக்களின் தலைவராக மட்டுமன்றி, ஏறுவோரில் ஒருவராகவும் கொண்டது. அவரும் றேமொன் லம்பேரும் 28,000 அடியைக் கடந்து திரும்பினர். அடுத்த ஆண்டில் பிரித்தானியக் குழுவும் அவ்வாறே தென்சிங்கை ஏறுவோருள் ஒருவராகச் சேர்த்துக்கொண்டது. ஆயினும் காத்மண்டுவில் பயணம் தொடங்கும்போதே ஒரு கசப்பு நிகழ்ந்தது. ஆங்கிலேயருக்குத் தூதரகத்தில் இடம் கிடைத்தது. செர்ப்பாக்களுக்கு முன்னாளில் குதிரைலாயமாயிருந்த கொட்டகையொன்று ஒதுக்கப்பட்டது. கழிப்பிடமும் அங்கு இல்லை. மறுநாட் காலையில் அவர்கள் தம் எதிர்ப்பை வெளிப்படையாகவே காட்டினர். தென்சிங் இரு சாராரையும் சமாதானப்படுத்திக் குழுவை நடத்திச் சென்றார். 1953 மே 29 ஆம் நாள் காலை 11.30 மணியளவில் ஹில்லறியும் தென்சிங்கும் உச்சியில் நின்றனர். பின்னர் ஹில்லறியும் குழுத்தலைவர் ஹண்டும் சேர் பட்டம் பெற்றனர்; தென்சிங்குக்கு ஜோர்ஜ் பதக்கம் கிடைத்தது. உச்சி இருவருக்கும் ஒன்றே. கீழே இறங்கியபின் படிகள் வேறாயின. ஆனால், 1954 நவம்பரில் டார்ஜிலிங்கில் இமயமலையேற்றப் பயிற்சிக் கழகம் நிறுவப்பட்டு, தென்சிங் அதன் களப்பயிற்சி இயக்குநரானார். சுமைகூலியாகத் தொடங்கியவர் ஆசிரியரானமை, அம்மக்களின் வரலாற்றில் உச்சிக்கு நிகரான ஒரு படி.

அனுமதியைக் காத்தோரும் மீறியோரும் அதன்பின் பலர். 1955 மே மாதத்தில் கஞ்சன்சங்காவை அடைந்த பாண்ட், பிறவுண் ஆகிய இருவரும் உச்சிக்குச் சில அடிகள் கீழேயே நின்றுவிட்டனர். சிகரத்தைத் தெய்வமெனப் போற்றும் சிக்கிம் மக்களுக்கு அவ்வாறு வாக்களிக்கப்பட்டிருந்தது. காண்பார் எவருமில்லாத அவ்வுயரத்தில் வாக்கு நிறைவேறியது. அதன்பின் ஏறியோருட் பலரும் அம்மரபைப் போற்றினர். இதற்கு மாறாக, 1961 இல் ஹில்லறியின் ஆராய்ச்சிக் குழுவினர் சிலர் உரிய அனுமதியின்றி அமா தப்லாம் சிகரத்தில் ஏறிவிட்டனர். ஹில்லறி காத்மண்டுவுக்கு விரைந்து மன்னிப்புக் கேட்கவும் குழு அபராதம் செலுத்தவும் நேர்ந்தது. உலகப் புகழ் பெற்றவருக்கும் விதி ஒன்றே என்று சிறிய நாடொன்று காட்டிற்று. 1962 இல் சேயர் என்னும் அமெரிக்கரும் துணைவர் மூவரும் நேபாளத்தில் வேறொரு மலைக்கு அனுமதி பெற்று, இரகசியமாகத் திபெத்து எல்லையைக் கடந்து எவரெஸ்றை முயன்றனர். சீனாவோடு எல்லை பகிர்ந்த நேபாளத்துக்கு இத்தகைய விளையாட்டு உயிர்ச்சிக்கலாகும். 1965 முதல் 1969 வரை நேபாளம் மலையேற்றத்தை அடியோடு நிறுத்தி வைத்தமைக்கு எல்லைப்புற அரசியல் நிலையே பின்னணியாயிருந்தது.

உச்சியை நாடாது, மலைப்பாதைகளில் நடந்து மகிழ விரும்புவோர்க்கும் காலப்போக்கில் வழி அமைந்தது. காத்மண்டுவில் பிரித்தானியப் படைத்துறை உத்தியோகத்தராயிருந்து ஓய்வுபெற்ற ஜிம்மி றொபேட்ஸ் என்பவர் 1964 இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, கூடாரம், சமையலாள், செர்ப்பா வழிகாட்டி ஆகிய யாவற்றையும் தாமே ஏற்பாடு செய்யும் முறையைக் கொண்டுவந்தார். பெருங்குழுக்களுக்கே உரியதாயிருந்த மலை, சாதாரணப் பயணிக்கும் எட்டியது. 1973 இல் நேபாள மலையேற்றச் சங்கம் அமைந்தது. 1978 முதல் சிறிய சிகரங்கள் பதினெட்டுக்கு அனுமதி வழங்கும் பொறுப்பு அதனிடம் விடப்பட்டது. இதனால் நீண்ட அரசாங்கக் கடிதப் போக்குவரத்தின்றி எளிதில் அனுமதி பெறும் வகை உண்டாயிற்று.

இன்றைய முறை யாதெனின், பெருஞ்சிகரங்களுக்கு நேபாளத்தின் சுற்றுலாத் திணைக்களம் அனுமதி வழங்குகின்றது. விண்ணப்பம் உள்நாட்டில் பதிவுபெற்ற ஒரு நிறுவனத்தின் வழியாகவே செல்லும். குழுவினருடன் அரசாங்கத் தொடர்பு உத்தியோகத்தர் ஒருவர் நியமிக்கப்படுவார். சுமையாளர்க்கும் வழிகாட்டிகளுக்கும் காப்புறுதி செய்யவேண்டும். மலையில் குப்பையை விட்டுவராமைக்குப் பிணைப்பணம் கட்டும் முறையும் உண்டு. தெற்கு வழியாக இளவேனிற் காலத்தில் எவரெஸ்றில் ஏறுவோர் ஒவ்வொருவரும் செலுத்தவேண்டிய கட்டணம், 2015 முதல் 11,000 அமெரிக்க டொலராயிருந்து, 2025 செப்டெம்பரில் 15,000 டொலராக உயர்த்தப்பட்டது. 2023 இளவேனிலில் மட்டும் 478 அனுமதிகள் வழங்கப்பட்டன. நடைப்பயணிகளும் வழிகாட்டியோடேயே செல்லவேண்டுமென நேபாளம் 2023 ஏப்ரில் முதல் விதித்தது. தனியே சென்று காணாமற் போவோரைத் தேடும் சிரமமும், உள்ளூரார்க்கு வேலை வேண்டுமென்பதும் இதற்குக் கூறப்பட்ட காரணங்கள். எவரெஸ்ற் அமைந்த கும்புப் பகுதியின் உள்ளூராட்சி மன்றமோ அவ்விதியை அங்கு நடைமுறைப்படுத்த உடன்படவில்லை. அனுமதி வழங்குவதில் தலைநகருக்கும் மலையூருக்கும் இடையே உள்ள இழுபறி லாசாவின் காலத்தோடு முடிந்துவிடவில்லை.

சாமோனியில் 1821 இல் எழுந்த வினா, எவரெஸ்றில் 2014 ஏப்ரில் 18 ஆம் நாள் மீண்டும் உரக்க எழுந்தது. கும்புப் பனிவீழ்ச்சியில் பயணிகளுக்கு வழியமைத்தும் சுமை தூக்கியும் கொண்டிருந்த நேபாளியர் பதினாறு பேர் பனிச்சரிவில் மாண்டனர். அரசாங்கம் முதலில் அறிவித்த உதவி, குடும்பமொன்றுக்கு 40,000 நேபாள ரூபா. ஓர் அயல்நாட்டார் செலுத்தும் அனுமதிக் கட்டணத்தின் சிறு பங்கே அது. செர்ப்பாக்கள் அவ்வாண்டு ஏற மறுத்துவிட்டனர். தெற்குப் பக்கத்தில் அப்பருவ முயற்சிகள் ஏறக்குறைய முழுவதும் நின்றன. அதன் பின்னரே காப்புறுதித் தொகை 10 லட்சத்திலிருந்து 15 லட்சம் ரூபாவாக உயர்ந்தது. துணைவர் இன்றி எவரும் ஏறவியலாது என்பதை அவர்கள் சொற்பொழிவால் அன்றிச் செயலால் நிறுவினர்.

அதே மக்கள் இன்று மலையேற்ற நிறுவனங்களின் உரிமையாளராகவும் விளங்குகின்றனர். 2021 சனவரி 16 ஆம் நாள், குளிர்காலத்தில் எவரும் அடைந்திராத கே-2 உச்சியை நேபாளியர் பதின்மர் ஒருங்கே அடைந்தனர். உச்சிக்குச் சிறிது கீழே ஒருவருக்கொருவர் காத்துநின்று, முதல்வர் இவர் என்று எவரையும் பிரித்துக் கூறவியலாதவாறு சேர்ந்தே நடந்தனர். கமி ரீத்தா என்னும் செர்ப்பா 2025 மே மாதத்தில் 31 ஆம் முறையாக எவரெஸ்றின் உச்சியை அடைந்தார். அவருடைய ஏற்றங்கள் பிறரை அழைத்துச் செல்லும் தொழிலின் பகுதியாகவே நிகழ்ந்தவை.

அனுமதியை மறுத்தலும் ஒரு நாட்டின் உரிமையே. பூட்டான் 1994 இல் 6,000 மீற்றருக்கு மேற்பட்ட மலைகளில் ஏறுவதைத் தடுத்தது. 2003 இல் மலையேற்றத்தையே முற்றாக விலக்கியது. இதனால் 7,570 மீற்றர் உயரமுள்ள கங்கர் புன்சும், மனிதர் கால்படாத மலைகளுள் மிக உயர்ந்ததாக நிற்கின்றது. அங்குப் பணம் செலுத்தியும் பெறமுடியாத ஒன்றை அந்நாட்டு மக்கள் தம் நம்பிக்கையின் பொருட்டு வைத்திருக்கின்றனர். வருவாயைப் பெருக்கும் நேபாளமும், வாயிலை அடைத்த பூட்டானும் ஒரே உரிமையை இரு வகையாகப் பயன்படுத்துகின்றன. நேபாளத்தின் வழியில் ஊர்கள் பிழைக்கின்றன. அவ்வூர்களின் இளைஞர் பனியிலே மாள்கின்றனர். பூட்டானின் வழியில் மலை அமைதியாக இருக்கின்றது. அம்மலையால் வரக்கூடிய செல்வம் வராதொழிகின்றது. எது மேல் என்று தீர்ப்பளிக்கும் தகுதி, அம்மலைகளின் நிழலில் வாழ்வோர்க்கே உண்டு.

பிற நாட்டு மலையொன்றில் ஏறப் புறப்படுவோன் கையில் இருக்கும் பத்திரத்தில் ஒரு முத்திரையும், கட்டிய தொகையும், துணைவரின் பெயர்களும் எழுதப்பட்டிருக்கும். அம்முத்திரைக்குப் பின்னே, அளவையாளரைத் தடுத்த அரசர்களும், பறவைகளைக் காத்த லாமாவும் நிற்கின்றனர். அப்பெயர்களுக்குப் பின்னே, வடகணவாயில் புதைந்த எழுவரும், தலைவரை விட்டு நீங்காத கயிலேயும் நிற்கின்றனர். இவற்றை அறிந்து செல்வோன் மலையில் விருந்தினனாக நடந்துகொள்வான். விருந்தினனாக நடந்துகொள்வோர்க்கு, மலைநாட்டார் தம் வாயிலை அடைத்ததாக வரலாறு மிக அரிதாகவே கூறுகின்றது.